சொல்லவா, வேண்டாமா

இந்தப் பொன்னாடை கழுத்தில் பட்ட இடமெல்லாம் அரிக்கிறது, கழற்றி மடியில் வைத்தால் மரியாதை தெரியாதவன் என்பார்கள், வைத்துக்கொண்டே இருந்தால் இந்த வைகாசி வெயிலில் கம்பளி போர்த்தின ஆடு மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே உரக்கடை, யூரியா வாடை படியேறி மாடிக்கு வருகிறது. ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் பார்வையாளர்கள் பக்கம் சுற்றுகிறது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். மைக்கின் முன்னால் நிற்கும் ஞானதுரையை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் வருவான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தப் பயிற்சி மையத்தை நடத்தும் கண்ணபிரான் போன வாரம் வீட்டுக்கு வந்து, ஐயா, நம்ம பசங்க ஆறு பேருக்கு அணுசக்தி நீர்மூழ்கியில வேலை கிடைச்சிருக்கு, இந்தச் சுற்றுவட்டாரத்துல அந்தக் கப்பல்ல வேலை பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான், கிளம்புற பசங்களுக்குப் பத்து நிமிஷம் புத்தி சொல்லணும் என்றார். நீங்க ஒருத்தர்தான் என்றார். படியேறி வந்து பார்த்தால் இவன் எனக்கு முன்னாலேயே மேடையில் உட்கார்ந்திருக்கிறான், தலை முழுக்க நரை, மீசைக்கு மட்டும் மை. எழுந்து வந்து, லே தவசி, என்று இரண்டு கையையும் நீட்டினான். நான் கும்பிட்டேன். கும்பிட்டு நிற்பவனை யாரும் கட்டிப்பிடிக்க முடியாது. நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவனும் கும்பிட்டான். ஒரே கப்பலில் வேலை பார்த்தவர்கள், நான் அணு உலையின் கட்டுப்பாட்டுப் பலகை முன்னால், அவன் வானொலி அறையில், நடுவில் இரண்டு இரும்புக் கதவுதான், இன்றைக்கு வேட்பாளர்கள் மாதிரி கும்பிட்டுக்கொள்கிறோம். அவன் முகத்தைப் பார்த்து முப்பது வருஷம் இருக்கும். இன்னொரு முப்பது வருஷம் பார்க்காமலே போயிருக்கலாம்.

நான் பேச்சாளன் இல்லை. பேசுகிற வேலையும் பார்த்ததில்லை. பத்தாவதோடு படையில் சேர்ந்து, அணு என்றால் என்ன என்பதை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்துத் தெரிந்துகொண்டவன், அப்படிப் படித்தவனுக்கு வாய் திறக்க நேரம் ஆகும். ஆனாலும் இன்று காலை துணி துவைக்கும்போது இந்தப் பையன்களுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். கிடைத்த இடத்தில் தூங்கக் கற்றுக்கொள்ளுங்கள். விரலிடுக்கில் பவுடர் போடுங்கள், அங்கே முதலில் கெடுவது கால்தான். மீட்டரில் ஒரு முள்ளை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்து முள்ளும் அதையே சொல்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அங்கே வேலை, மணிக்கணக்காக ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், சலிப்பு வந்தால் சந்தோஷப்படுங்கள். கட்டளை வந்தால் வந்த வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுப் பிறகு செய்யுங்கள், அந்த வால்வைத் திற என்றால் அந்த வால்வைத் திறக்கிறேன் என்று சொல்ல வேண்டும், சொன்னவர் சரி என்று சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் கை நகர வேண்டும், இதில் சோம்பல் படாதீர்கள். இவ்வளவுதான், பத்து நிமிஷத்துக்குப் போதும், நல்ல விஷயங்கள்தான், யாருக்கும் மனம் நோகாது. இப்போது ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. ஞானதுரை ஒவ்வொரு முறை சிரிக்க வைக்கும்போதும் நான் யோசித்து வைத்ததில் ஒன்று கழன்று விழுகிறது. இவன் எப்போதுமே இப்படித்தான், நாலு பேர் இருந்தால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத வாய்.

"தாய்மார்களே, கப்பல்ல வெங்காயம் உரிச்சா ஒருத்தன் மட்டும் அழமாட்டான், மொத்தக் கப்பலும் அழும். காத்துக்குப் போக வழி கிடையாதுல்லா" என்கிறான். முன்வரிசையில் பையன்களின் அம்மாக்கள், அவர்களுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஆறு பேர், அதற்குப் பின்னால் இன்னும் தேர்வாகாதவர்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை, வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ மருத்துவர் சொல்வதைக் கேட்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நீர்மூழ்கின்னு நீங்க சொல்றதை நாங்க படகுன்னுதான் சொல்லுவோம். எம் வீட்டுக்காரி கேட்டா, ஏங்க, படகுன்னா துடுப்பு போடுவியளோன்னு. ஆமாட்டி, அணுத் துடுப்புன்னேன்." கைதட்டல். கண்ணபிரான் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை, பிறகு காது சூடாகிறது. அது அவன் மனைவி சொன்னதில்லை. அது பாக்கியம் சொன்னது. என் பாக்கியம். எனக்குப் புதிதாக அந்தக் கப்பலில் வேலை போட்ட வருஷம், வாசலில் தலைமுடியை உலர்த்திக்கொண்டு, படகுன்னா துடுப்பு போடணுமோ என்று கேட்டாள், அணுத் துடுப்பு என்று சொன்னது நான், அதைக் கப்பலில் இவனிடம் சொல்லிச் சிரித்ததும் நான். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டான். எழுந்து அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க வேண்டும்போல இருக்கிறது. எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பான், எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை தேநீர்க் கடையில், பாக்கியம் பேசிய வார்த்தைகளில் என்னிடம் மிச்சமிருப்பது எண்ணிப் பார்த்தால் கொஞ்சம்தான், அதில் ஒன்று இவன் வாயில் இத்தனை வருஷம் இன்னொருத்தி பெயரில் சுற்றியிருக்கிறது. என்னிடமிருந்து இவன் எடுத்துவைத்துக்கொண்டது இது மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை.

மின்விசிறி கிறீச் கிறீச் என்கிறது. அங்கே இப்படி ஒரு சத்தம் கேட்டால் தூக்கம் கலைந்து எழுந்திருப்போம். கப்பல் ஓடும் சத்தம் காதுக்குப் பழகிவிடும், அதில் ஒரு இழை மாறினால் உடம்பு எழுந்துவிடும், மனிதனுக்கு முன்னால் உடம்பு எழும். எனக்கு இன்னமும் அப்படித்தான், வீட்டில் குளிர்சாதனப் பெட்டி ஓடி நின்றால் விழித்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் உடம்பு எழவில்லை. அதுதான் ஆத்திரம். ஒரு குழாயில் நீராவியின் சத்தம் மெலிந்தால் தெரிந்துகொள்கிற உடம்பு, கரையில் தன்னுடையவள் போனதைத் தெரிந்துகொள்ளவில்லை, அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், கனவு கூட வரவில்லை. வயிற்றில் ஏதோ பிசைந்தது, விளக்கு ஆடியது, கையிலிருந்த டம்ளர் நழுவியது என்றெல்லாம் சொல்கிறார்களே, அவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். ஒன்றும் ஆடாது. ஒன்றும் நழுவாது. கடல் ஒரு வார்த்தையைக் கூட உள்ளே விடாது, வானொலி அறைக்கு வருவதைத் தவிர.

"இப்ப முக்கியமான ஒண்ணு சொல்லப்போறேன், கவனிச்சிக்கிடுங்க" என்று குரலைத் தாழ்த்துகிறான். எனக்குத் தெரிந்துவிட்டது. இவன் அதைச் சொல்லப்போகிறான். "ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலயும் அதிகாரி உங்களைத் தனியாக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேப்பாரு. நீ தண்ணிக்குள்ள இருக்கும்போது வீட்டுல யாராவது தவறிட்டா உனக்குச் சொல்லவா, வேண்டாமா? சொன்னாலும் கப்பல் திரும்பாது. உன்னை இறக்கி விடவும் முடியாது. நீ இருக்கிறதே யாருக்கும் தெரியக் கூடாது, அப்புறம் எங்க இறக்க? அதனால கேப்பாங்க." முன்வரிசையில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள். சரியாகத்தான் சொல்கிறான், எங்கள் கப்பலில் அப்படித்தான் கேட்பார்கள், அதிகாரி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார், மற்ற நாளில் உட்காரச் சொல்லாதவர், ஊருக்குப் போய் யோசித்துவிட்டு வந்து சொன்னால் போதும் என்பார். கொடுமைக்காரர்கள் இல்லை. கொடுமைக்காரர்களாக இருந்திருந்தால் கோபப்படுவது எனக்குச் சுலபம். அந்தப் பயணத்துக்கு முன்னால் விடுப்பில் ஊருக்கு வந்தபோது பாக்கியத்திடம் கேட்டேன். அவள் யோசிக்கக் கூட இல்லை. "மாமாவை வச்சுத்தான கேக்காவ" என்றாள். என் அப்பா அப்போது படுக்கையில், இழுத்துக்கொண்டிருந்தார், இன்றோ நாளையோ என்று வருவோர் போவோர் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மாமா பாட்டுக்குப் போயிருவாவ. நீங்க அந்த இரும்புப் பெட்டிக்குள்ள ஒத்தையில கெடந்து அழணுமாக்கும். வந்து பாத்துக்கிடலாம். வேண்டாம்னு சொல்லிருங்க." உள்ளே இருந்து அப்பா குரல் வந்தது, இருமலுக்கு நடுவில், "என்னல, ரெண்டு பேரும் எனக்கு நாள் குறிக்கியளா?" பாக்கியம் நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குக் கஞ்சி வேணுமா வேண்டாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம் மாமா" என்றாள். "எனக்குக் கஞ்சி வேணும்ட்டி" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து வேண்டாம் ஐயா என்றேன், என் கண்ணுக்கு முன்னால் இருந்தது அப்பாவின் கட்டில், அப்பாவின் தொங்கிப்போன தாடை. எல்லோரும் அப்படித்தான். எந்தப் பையனைக் கேட்டாலும் வீட்டில் யார் கிழமோ அந்த முகம்தான் வரும். கேள்வியில் பெயர் இல்லை, நாமாக ஒரு பெயரைப் போட்டுக்கொண்டு பதில் சொல்கிறோம்.

ஆனால் போனது அவள். காய்ச்சல், நாலு நாள் காய்ச்சல், ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள், மறுபடி ஏறியது, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயசு. பிள்ளை இல்லை, கொள்ளி வைக்க நான் இல்லை, தம்பி முறைக்காரன் வெளியூரில். படுக்கையிலிருந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். இரண்டு பேர் கக்கத்தில் தாங்கிக்கொள்ள, யாருக்காக நாங்கள் வேண்டாம் என்று சொன்னோமோ அந்த மனிதர், நடுங்குகிற கையால் அவளுக்குத் தீ வைத்தார். அதற்கப்புறம் அவர் ஒன்பது வருஷம் இருந்தார். தேறி எழுந்து உட்கார்ந்தார், வெற்றிலை கேட்டார், நான் ஊருக்கு வரும்போதெல்லாம் காபியில் சர்க்கரை கம்மி என்றார். நான் அவரைக் குளிப்பாட்டினேன், முதுகு தேய்த்தேன், ஒவ்வொரு தேய்ப்பிலும் உமக்குத்தானேய்யா அந்தப் பதில், உமக்குச் சொன்ன பதிலை நீர் ஏன் அவள் தலையில் போட்டீர் என்று கேட்டுக்கொண்டே தேய்த்தேன், வாயைத் திறக்காமல். அவருக்குத் தெரிந்திருக்கும். ஒருநாள் சோப்பு நுரைக்குள்ளிருந்து, "மெதுவால, தோலு உரியுது" என்றார்.

"இந்தா உக்காந்திருக்கானே எங்க தவசிமுத்து" என்று ஞானதுரை என் பக்கம் கையைக் காட்டுகிறான். எல்லாத் தலையும் திரும்புகிறது. "இவனுக்கு அப்படி ஒரு சோதனை வந்துது. யாருன்னு நான் சொல்ல மாட்டேன், அது அவன் வீட்டு விஷயம். இவன் முன்னாடியே வேண்டாம்னு சொல்லி வச்சிருந்தான். பயணம் முடியிற வரைக்கும் ஒரு தப்பு கிடையாது, ஒரு நாள் வேலை கெடல, சிங்கம் மாதிரி நின்னான். தெரிஞ்சிருந்தா முடியுமா? அணு உலை முன்னால கண்ணுல தண்ணியோட உக்கார முடியுமா? அதனால வேண்டாம்னு சொல்லுங்க தம்பிகளா. தேசத்துக்காக." கைதட்டுகிறார்கள். எனக்குக் கைதட்டுகிறார்கள். பாக்கியம் செத்தது தெரியாமல் இருந்ததற்கு எனக்குக் கைதட்டுகிறார்கள். கண்ணபிரான் வேறு குனிந்து என் தோளைத் தட்டுகிறார், பொன்னாடை நழுவுகிறது, அவரே இழுத்துப் போர்த்தி விடுகிறார். தெரியாமல் இருந்தவன் சிங்கமா? மரப்பலகையும்தான் ஒரு நாள் வேலை கெடாமல் இருக்கிறது. சிங்கம் மாதிரி நின்னான் என்கிறானே, நான் நிற்கவில்லை, நான் கேரம் விளையாடிக்கொண்டிருந்தேன், அதுவும் யாரோடு? யாரோடு என்று சொல்லேன் ஞானதுரை, மைக் உன் கையில்தானே இருக்கிறது.

ஆழத்தில் போய்விட்டால் கப்பல் அசையாது, தரையில் பலகை போட்டமாதிரி இருக்கும், சாப்பாட்டு மேசையில் கேரம் நடக்கும். அந்தப் பயணத்தில் போட்டி வைத்தார்கள், கடைசி ஆட்டம் எனக்கும் ஞானதுரைக்கும். நான் அவனை ஒருபோதும் ஜெயித்ததில்லை. அன்றைக்கு ஜெயித்தேன். அவன் கை தவறிக்கொண்டே இருந்தது, பைக்கு நேரே நின்ற காயை விட்டான், நான் கேலி செய்தேன், என்னல, கைக்கு வாதமா என்றேன், சிவப்பைப் போட்டதும் பனியனைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றினேன். சமையல்காரர் கூடுதலாக இரண்டு முட்டை பொரித்துக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தார். கேப்டன் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று என் தோளில் கை வைத்தார், கொஞ்சநேரம் கை அங்கேயே இருந்தது. எனக்கு எவ்வளவு பெருமை. அன்றைக்கு மதியமே செய்தி வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. வானொலியில் வருவதை எடுப்பவன் அவன்தான், அவன் எழுத்துக் கூட்டித்தான் அது வார்த்தையாகும். அவன் கேப்டனிடம் கொடுத்தான், கேப்டன் மருத்துவரிடம் மட்டும் சொன்னார், மூன்று பேருக்குத்தான் தெரியும். முட்டை கொண்டுவந்த சமையல்காரருக்குத் தெரியுமா? இதைத்தான் நான் இத்தனை வருஷமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர் போட்டியில் ஜெயித்தவனுக்கு வைத்தார், அவ்வளவுதான். அல்லது அவருக்கும் காதில் விழுந்து, இந்தப் பாவப்பட்டவனுக்கு என்று வைத்தாரா? எனக்கு வழிவிட்டு நின்றவன், துண்டு கொடுத்தவன், உன் முறையை நான் பார்த்துக்கொள்கிறேன் போய்த் தூங்கு என்றவன், எவன் என் மேல் பிரியத்தில் செய்தான், எவன் எனக்காக இரங்கிச் செய்தான்? அப்போதிருந்து யாராவது எனக்கு நல்லது செய்தால் முதலில் பயம்தான் வருகிறது, இவனுக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியாது என்று முகத்தைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் குழம்பு கொடுத்தால் கூட. அவள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் நான் பனியனைச் சுற்றினேன். பதினாறாம் நாள் ஊரில் அவளுக்குப் படைத்தார்கள், அன்றைக்கு நான் கோழி தின்றேனா, பாட்டுப் பாடினேனா, தெரியாது, அந்த நாட்கள் எல்லாம் என்னிடம் வேறு பெயரில் இருக்கின்றன, சந்தோஷமான நாட்கள் என்று இருக்கின்றன, திறந்தால் உள்ளே ஒன்றுமே பொருந்தவில்லை.

கரைக்கு வருவதற்குச் சற்று முன்னால் கேப்டன் கூப்பிட்டார். மேலே வெளிச்சம், பாண்டு வாத்தியம் கேட்கத் தொடங்கியிருந்தது, எல்லோரும் தலை வாரிக்கொண்டிருந்தார்கள், நானும் வாரியிருந்தேன். உட்காரச் சொன்னார். உன் மனைவி இறந்துவிட்டாள், தவசிமுத்து, என்றார். நான், என் மனைவி இறந்துவிட்டாள், ஐயா, என்றேன். திருப்பிச் சொன்னேன். பதினோரு வருஷப் பழக்கம், வார்த்தை வந்தால் வாய் திருப்பிச் சொல்லும், புரிவதற்கு முன்னால் சொல்லும். அவரும் பழக்கத்தில், சரி, என்றார். சொன்னபிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன், கட்டளையை வாங்கிக்கொண்டவன் அடுத்து அதைச் செய்ய வேண்டுமே, இதில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். வெளியே வந்தால் ஞானதுரை கதவோரத்தில், கண்ணெல்லாம் சிவந்து, "லே, எனக்குத் தெரியும்ல, நான்தான்ல எழுதி எடுத்தேன்" என்றான். அவனைத் தாண்டிப் போனேன். அன்றைக்குத் தாண்டினவன்தான், இன்று காலை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மேல் எனக்கு என்ன கோபம்? நான்தான் வேண்டாம் என்றேன், அவன் சொல்லவில்லை. கட்டளை. சொல்லியிருந்தால் அவன் வேலை போயிருக்கும், நான் சொன்ன வார்த்தையை நானே மீறச் சொல்லி அவனைக் கேட்பது நியாயமா? நியாயம் இல்லை. நியாயம் இல்லாததால்தான் கோபம் தீர மாட்டேன் என்கிறது, நியாயமான கோபம் என்றால் எப்போதோ சண்டை போட்டு முடித்திருப்பேன்.

"அடுத்ததாக ஐயா தவசிமுத்து அவர்கள்" என்று கண்ணபிரான் சொல்கிறார். எழுந்திருக்கிறேன். ஞானதுரை மைக்கை என் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போய் என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறான். பவுடர். பவுடர் பற்றிச் சொல்ல வேண்டும். தூக்கம் பற்றி. மைக் கூவுகிறது, ஒரு பையன் காதைப் பொத்திக்கொள்கிறான், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, கழுத்தில் சவரக் காயம். "எனக்குப் பேசத் தெரியாது" என்கிறேன். யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்துகிறார்கள். "ஞானதுரை சொன்ன கேள்வியை உங்ககிட்ட கேப்பாங்க. நான் வேண்டாம்னு சொன்னவன். சொன்னப்ப எங்க அப்பாவை நினைச்சுக்கிட்டுச் சொன்னேன். போனது எம் பொண்டாட்டி." அந்தப் பையன் காதிலிருந்து கையை எடுக்கிறான். "நான் சிங்கம் மாதிரியெல்லாம் நிக்கல. கேரம் விளையாடிக்கிட்டு இருந்தேன். ஜெயிச்சேன்." கண்ணபிரான் தொண்டையைச் செருமுகிறார். அவருடைய மையத்துக்கு இது நல்லதில்லை, அடுத்த வருஷம் சேர்க்க வேண்டிய பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பச்சைச் சேலைக்காரம்மா எழுந்திருக்கிறாள். வயர்கூடையைக் கீழே வைக்காமலே எழுந்திருக்கிறாள். "அப்ப எப்படித்தாண்ணே சொல்லணும்? சொல்லச் சொல்லணுமா, வேண்டாங்கணுமா? எம் பிள்ளைக்கு நான் ஒருத்திதான், அவன் அப்பா இல்ல. எனக்குச் சர்க்கரை, பிரசர் ரெண்டும் இருக்கு. அதான் கேக்கேன்." பின்னாலிருந்து சவரக் காயம் பட்ட பையன், "எம்மா, உக்காரும்மா" என்று பல்லைக் கடிக்கிறான். "நீ சும்மா இருல, அவுக சொல்லட்டும்" என்கிறாள் திரும்பாமல்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பலகை முன்னாலிருந்து எழுப்பியிருப்பார்கள், என் முறையை வேறொருத்தன் சுமந்திருப்பான். மூன்று பேர் மாற்றி மாற்றிப் படுக்கிற படுக்கையில், இன்னொருத்தனின் எண்ணெய் வாடை அடிக்கும் தலையணையில் முகத்தை வைத்து அழுதிருப்பேன், அழுகிற சத்தம் கூட வெளியே போகக் கூடாத இடம், எத்தனையோ பேர் தூங்குகிற இடம். அவளைப் பார்த்திருக்க முடியாது. தீ வைத்திருக்க முடியாது. ஒன்றும் மாறியிருக்காது, அவள் திரும்ப வந்திருக்க மாட்டாள், பித்துப் பிடித்திருந்தாலும் பிடித்திருக்கும். ஞானதுரை சொல்வதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கணக்கு அவன் பக்கம்தான். முள் எல்லாம் அவன் பக்கம்தான் காட்டுகிறது, பக்கத்து முள்ளும் அதையேதான் சொல்கிறது. ஆனாலும், ஆனாலும், அந்த நாட்கள் யாருடையவை? எனக்கு வரவேண்டிய அழுகையை மூன்று பேர் பூட்டி வைத்துக்கொண்டு, எனக்கு முட்டை கொடுத்தார்கள். அந்த அம்மா நின்றுகொண்டே இருக்கிறாள். சர்க்கரையும் பிரசரும் உள்ள உடம்பு, நிற்க விடக் கூடாது.

"சொல்லச் சொல்லு, தம்பி" என்கிறேன், அவளைத் தாண்டி அந்தப் பையனைப் பார்த்து. குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது, கோபமாகக் கேட்கிறது, பையன் நிமிர்ந்து உட்காருகிறான். "ஒண்ணும் செய்ய முடியாது. கப்பல் திரும்பாது. கஷ்டமாத்தான் இருக்கும், செத்துப் போகலாம்னு இருக்கும். இருந்தாலும் சொல்லச் சொல்லு. அது உன் அம்மா. அந்த அழுகை உனக்கு உள்ளது. உனக்குப் பதிலா இன்னொருத்தன் அதைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு உங்கூட உக்காந்து சோறு திங்கக் கூடாது." பச்சைச் சேலைக்காரம்மா தலையை ஆட்டுகிறாள், ஒரு விலை சொன்னால் ஆட்டுவார்களே அதைப்போல, பிறகு உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொள்கிறாள். பையன் கையை நீட்டி அவள் தோளைத் தொடுகிறான், தொட்டதும் பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறானா என்று பார்த்துக் கையை எடுத்துக்கொள்கிறான். நான் இன்னும் ஏதோ சொல்ல வேண்டும், கண்ணபிரான் அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார், ஐயா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, தியாகம்னா அதுதான், எல்லோரும் எழுந்து நின்று ஒரு கைதட்டல் என்கிறார். எழுந்து நிற்கிறார்கள். நாற்காலிக் கால்கள் இழுபடுகிற சத்தம்.

நான் வந்து உட்காருகிறேன். பொன்னாடையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டேன், யார் என்ன நினைத்தால் என்ன. பக்கத்தில் ஞானதுரை முன்னால் பார்த்தபடி, கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்தபடி, வாயை மட்டும் அசைத்துப் பேசுகிறான், அங்கே வேலை நேரத்தில் பேசுவோமே அப்படி. மீசை மையில் வேர்வை கலந்து உதட்டோரத்தில் கறுப்பாக இறங்கியிருக்கிறது.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நீ என்னையத்தான் முதல்ல அடிச்சிருப்ப, தவசி."

"ஆமா, அடிச்சிருப்பேன்" என்கிறேன். "அங்க அடிக்கதுக்கு உன்னைய விட்டா எனக்கு யாருல இருந்தா?"